திரைக்கு இப்பால் நிற்பவர் யார்?

தொலைமருத்துவம் என்னும் சொல் இன்று அரசு அறிக்கைகளிலும் தனியார் மருத்துவமனைகளின் விளம்பரங்களிலும் ஒரே குரலாய் ஒலிக்கின்றது. தொலைவு ஒழிந்துவிட்டதாம், ஏழையின் குடிசைக்கே இதய வல்லுநர் வந்துவிட்டாராம், கைப்பேசி ஒன்று இருந்தால் கடைக்கோடிச் சிற்றூருக்கும் தலைநகரத்து மருத்துவம் கிட்டிவிடுமாம். கேட்பதற்கு இனிக்கின்றது. இனிப்பவையெல்லாம் உடலுக்கு நல்லவை அல்ல என்று மருத்துவர்களே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆகவே விழுங்குவதற்கு முன் இதைச் சற்றே ஆராய்ந்து பார்ப்பது நம் கடமையாகும்.

நாம் கருவிகளுக்குப் பகைவர் அல்லர். இருநூறு கிலோமீட்டர் பேருந்தில் குலுங்கிச் சென்று, ஒரு நாள் கூலியை இழந்து, மருத்துவமனை வராந்தாவில் வரிசையில் நின்று, ஐந்து நிமிடப் பேச்சோடு திரும்பும் நோயாளியின் துன்பத்தை அறிந்தவர் எவரும் அந்தப் பயணத்தைத் தவிர்க்கும் கருவியைப் பழிக்கமாட்டார். நம் வழக்கு கருவியோடு அன்று. கருவியைக் காட்டி, நோயாளியின் அருகில் இருக்கவேண்டிய மனிதரை விலக்கிக்கொள்ளும் போக்கோடுதான் நமக்கு வழக்கு.

பழைய கலை, புதிய ஆரவாரம்

இந்தக் கலை நேற்று முளைத்ததும் அன்று. இதயத்தின் மின்னோட்டத்தை அளக்கும் கருவியை உருவாக்கி 1924 இல் நோபல் பரிசு பெற்ற வில்லெம் ஐந்தோவன், 1905 லேயே ஹாலந்தின் லெய்டன் நகரில் மருத்துவமனையில் இருந்த நோயாளியின் இதயத் துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியாக ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த தம் ஆய்வுக்கூடத்திற்கு வரவழைத்துப் பதிவு செய்தார். 1959 இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநில மனநல மருத்துவர்கள் இருவழித் தொலைக்காட்சியைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். நம் நாட்டில் 2000 ஆம் ஆண்டு, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா என்னும் ஊரில் தொலைமருத்துவ நிலையத்தை அன்றைய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பில் கிளிண்டன் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டிலிருந்து இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தொலைதூர மருத்துவமனைகளைப் பெருநகர மருத்துவமனைகளோடு இணைக்கத் தொடங்கியது.

2019 நவம்பரில் நடுவண் அரசு 'இ-சஞ்சீவனி' என்னும் தொலைமருத்துவச் சேவையைத் தொடங்கிற்று. 2020 மார்ச் 25 அன்று, கொரோனாப் பெருந்தொற்றால் நாடே அடைக்கப்பட்ட அதே நாளில், தொலைமருத்துவத்துக்கான நெறிமுறைகள் வெளியாயின. அடுத்த மாதமே வீட்டிலிருந்தபடி நோயாளி மருத்துவரோடு பேசும் வசதியும் வந்தது. 2023 பிப்ரவரியில் கலந்தாய்வுகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது என அறிவிக்கப்பட்டது.

பத்துக் கோடி பெரிய எண்தான். ஆயினும் அது எதை எண்ணுகிறது? பத்துக் கோடி முறை அழைப்பு நடந்து முடிந்தது என்பதை எண்ணுகிறது. எழுதித் தந்த மருந்து ஊர்க்கடையில் கிடைத்ததா, சொன்ன சோதனையை எடுக்க வழியிருந்ததா, காய்ச்சல் தணிந்ததா என்பவற்றை அந்த எண் சொல்வதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள் நம் முன்னோர். திரையில் தெரியும் மருந்தும் அப்படியே.

வென்ற இடங்களில் நடந்தது என்ன?

தொலைமருத்துவம் மெய்யாகவே வென்ற இடங்கள் உண்டு. அவற்றுள் இரண்டு நம் தமிழகத்திலேயே உள்ளன.

1976 இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் சிற்றூர்ப் பகுதிகளில் கண் நலமையங்களை நிறுவி வருகிறது. இன்று அவை நூற்றுக்கும் மேற்பட்டவை. அங்கே மருத்துவர் இருப்பதில்லை. பயிற்சி பெற்ற கண் மருத்துவப் பணியாளர் இருக்கிறார். பெரும்பாலும் அதே வட்டாரத்துச் சிற்றூரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, முறையாகப் பயிற்றப்பட்ட பெண் அவர். பார்வையை அளப்பதும், கண்ணழுத்தத்தைப் பார்ப்பதும், விளக்குக் கருவியில் கண்ணை ஆராய்வதும், படமெடுத்து அனுப்புவதும் அவரே. பிறகுதான் தொலைவிலுள்ள மருத்துவர் திரையில் தோன்றி நோயாளியோடு பேசுகிறார். கண்ணாடி தேவைப்பட்டால் அங்கேயே கிடைக்க வழியுண்டு. அறுவை மருத்துவம் தேவைப்படுவோர் மட்டுமே நகருக்குப் பயணம் செய்கிறார்கள்.

இரண்டாவது, மாரடைப்புக்கான தமிழகத் திட்டம். நான்கு பெரிய மருத்துவமனைகளோடு சுற்றுப்புறச் சிறு மருத்துவமனைகள் இணைக்கப்பட்டன. மார்வலியோடு வருபவருக்குச் சிறு மருத்துவமனையிலேயே இதய வரைபடம் எடுத்து அனுப்பினால், வல்லுநர் அங்கிருந்தே அதைப் படித்துச் சொல்வார். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து உடனே செலுத்தப்படும். பிறகு 108 ஊர்தி நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும். ஏழையின் செலவை அரசுக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கும். 2,420 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2017 இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, ஓராண்டுக்குள் இறந்தோர் விழுக்காடு 17.6 இலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. நூறு பேரில் மூன்று பேருக்கு மேல் பிழைத்தார்கள் என்பது எவ்வளவு பெரிய செய்தி!

அன்பர்களே, இந்த இரு வெற்றிகளையும் கூர்ந்து நோக்குங்கள். கம்பி வழியே சென்றது செய்தி மட்டுமே. கண்ணை ஆராய்ந்தவர் அருகில் இருந்தார். நரம்பில் மருந்து செலுத்தியவர் அருகில் இருந்தார். ஊர்தியை ஓட்டியவர் வாசலுக்கே வந்தார். பெரிய மருத்துவமனையின் கதவு திறந்திருந்தது. பணம் கேட்டு யாரும் மறிக்கவில்லை. இத்தனை கைகளும் இருந்தமையால் அந்தச் செய்தி உயிர் காத்தது.

வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துள்ளார். நோயாளி ஒருவர், மருத்துவர் ஒருவர், மருந்து ஒன்று. நான்காவதாக, அருகிலிருந்து மருந்தைக் கொடுத்துக் கவனிப்பவர். ஈராயிரம் ஆண்டுகளாக நாம் கற்றுவரும் இப்பாடத்தில் முதல் மூவரைத் திரையில் ஏற்றிக் காட்டுகிறார்கள் இன்றைய விளம்பரக்காரர்கள். நான்காமவர் எங்கே என்று நாம் கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு விடை சொல்லாத எந்தத் திட்டத்தையும் மருத்துவம் என்று ஒப்புக்கொள்வதற்கில்லை.

திரையால் ஆகாதவை

எல்லா நோயும் திரைக்கு அடங்குவதில்லை. எக்ஸ்ரே, ஸ்கேன் போன்ற படங்களைத் தொலைவிலிருந்து படிப்பதில் இழப்பு குறைவு. அங்கே படமே சான்று. விழித்திரையும் இதய வரைபடமும் அத்தகையவையே. ஆனால் வயிற்றுவலியோடு வருபவரின் வயிற்றை அழுத்திப் பார்த்து, அழுத்தும்போது வலியா, கையை எடுக்கும்போது வலியா என்று அறிவது எப்படி? மார்பிலுள்ள கட்டி தோலோடு ஒட்டியிருக்கிறதா, நழுவுகிறதா என்பதை எந்தக் கண்ணாடிச் சில்லு சொல்லும்? மூச்சு வாங்கும் குழந்தையின் விலாக்குழி உள்வாங்குவதை, மங்கிய வெளிச்சத்தில், ஆடிக்கொண்டிருக்கும் கைப்பேசியில் யார் காண்பார்? 2020 ஆம் ஆண்டு நெறிமுறைகளே இதை ஒப்புக்கொள்கின்றன. நேரில் பார்ப்பது தேவை என மருத்துவர் கருதினால் அவ்வாறே அறிவுறுத்த வேண்டும் என்றும், அவசர நிலையில் முதலுதவி சொல்லி நேரடி மருத்துவத்துக்கு அனுப்பவேண்டும் என்றும் அவை விதிக்கின்றன. அனுப்பலாம். அனுப்பப்பட்டவர் சென்று சேரும் இடத்தில் யார் இருக்கிறார்?

இங்கேதான் நம் நெஞ்சு கனக்கிறது. நடுவண் அரசின் 2021-22 ஆம் ஆண்டுக்கான ஊரக மருத்துவப் புள்ளிவிவரத்தைப் பாருங்கள். இந்தியச் சிற்றூர்ப்புறச் சமுதாய நல மையங்களில் இருந்திருக்கவேண்டிய அறுவை மருத்துவர், மகப்பேறு மருத்துவர், பொது மருத்துவ வல்லுநர், குழந்தை மருத்துவர் ஆகியோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர் இல்லை. இது அரசே தந்த கணக்கு. எட்டு நாற்காலிகள் வெறுமையாகக் கிடக்கும் கூடத்தில் ஒரு திரையை மாட்டிவிட்டு, 'வல்லுநர் வந்துவிட்டார்' என்று முரசறைவது எவ்வகை நேர்மை?

பிள்ளை குறுக்கே கிடக்கும் தாய்க்குத் திரையிலுள்ள மருத்துவர் அறுவை செய்ய முடியாது. மயக்க மருந்து கொடுப்பவர் வேறோர் ஊரிலிருந்து கொடுக்க முடியாது. இரத்தம் கம்பி வழியே பாயாது. ஆயினும் திரையின் செலவு குறைவு. மருத்துவருக்கு ஊதியமும் குடியிருப்பும் அவர் பிள்ளைகளுக்குப் பள்ளியும் தந்து சிற்றூரில் இருத்துவதற்கு ஆகும் செலவு மிகுதி. மலிவானதை வாங்கிக்கொண்டு அதையே முன்னேற்றம் என்று பெயரிடுகிறார்கள். செல்வர் எவராவது தம் தாய்க்கு மாரடைப்பு வந்தால் திரையோடு நிறுத்திக்கொள்வாரா? அவருக்குத் திரை கூடுதல் வசதி. ஏழைக்கோ அதுவே முழு மருத்துவம் என்றாக்கப்படுகிறது. ஒரே கருவி இருவேறு மனிதருக்கு இருவேறு நீதியாக மாறுவதை நாம் வாய்மூடிப் பார்த்திருப்பதா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியப் பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 54 பேரிடம் மட்டுமே தாமே பயன்படுத்தும் கைப்பேசி இருந்தது. மற்றவர்க்கு அது கணவர் கையிலோ மகன் கையிலோ உள்ளது. கருப்பை நோயையும், மனத்தின் துயரையும், வீட்டிலே விழுந்த அடியையும் கணவரின் கைப்பேசியில், அவர் அருகில் நிற்க, எந்தப் பெண் வாய்திறந்து சொல்வாள்? 'சற்று வெளியே இருங்கள் ஐயா' என்று கணவரிடம் சொல்லிக் கதவைச் சாத்தும் ஒரு செவிலியர் அங்கே தேவை.

பொறியின் கண்

திரையோடு நிற்கவில்லை, செயற்கை நுண்ணறிவு என்னும் பொறி மூளையும் வந்துவிட்டது. நீரிழிவால் கெடும் விழித்திரையைப் படத்திலேயே கண்டறியும் திறனைக் கூகுள் நிறுவனத்தார் 2016 இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இந்தியக் கண் மருத்துவமனைகளின் படங்களும் அதற்குப் பயன்பட்டன. ஆய்வுக்கூடத்தில் அதன் திறன் வியக்கத்தக்கதே. பின்னர் அப்பொறியைத் தாய்லாந்தின் 11 மருத்துவ நிலையங்களுக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே நடந்ததை அந்நிறுவனத்து ஆய்வாளர்களே 2020 இல் எழுதினார்கள். பொறிக்குத் தரப்பட்ட 1,838 படங்களுள் நூற்றுக்கு 21 ஐத் தெளிவில்லை என்று அது தள்ளிவிட்டது. அறைகளில் போதிய இருட்டில்லை. இணைய இணைப்பு மெதுவாக ஊர்ந்தது. படம் தள்ளப்பட்டவர்கள் வேறு மருத்துவமனைக்குச் செல்லுமாறு சொல்லப்பட்டார்கள். பொறி பொய் சொல்லவில்லை. ஆனால் அது கற்ற உலகம் வேறு, செவிலியர் உழைத்த அறை வேறு. அந்த இடைவெளியின் விலையை நோயாளியே பேருந்துக் கட்டணமாகச் செலுத்தினார்.

கொரோனாக் காலத்தில் வீடு தோறும் விரலில் மாட்டிய உயிர்வளி அளவியை நினைவுகூருங்கள். கருநிறத்தோரின் இரத்தத்தில் உயிர்வளி ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் அக்கருவி அதைக் காட்டத் தவறியது, வெண்ணிறத்தோரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என 2020 இல் அமெரிக்க ஆய்வொன்று வெளிப்படுத்திற்று. அந்நாட்டு மருத்துவமனைகளில் பயன்பட்ட ஒரு கணினி முறையைப் பற்றி 2019 இல் வெளிவந்த ஆய்வு இன்னும் கசப்பானது. யாருக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று கணிக்க, அந்த முறை நோயின் கடுமையை அளக்காமல் மருத்துவச் செலவின் அளவைக் கணக்கிட்டது. கருப்பின மக்களுக்குச் செலவிடப்பட்டது குறைவு. ஆகவே அவர்களுக்கு நோயும் குறைவு என்று கொண்டது! செலவு செய்ய வழியற்றவர் நலமுடையவராகக் கணக்கிடப்பட்ட கொடுமை அது. கருநிறத்தோரும் ஏழையரும் நிறைந்த நம் நாட்டில் இந்தப் பாடங்கள் எத்தனை மடங்கு பொருந்தும் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

பொறி தானாக நோயாளிக்கு ஆலோசனை கூறவோ மருந்து எழுதவோ கூடாது என்று நம் நாட்டின் 2020 நெறிமுறைகள் தெளிவாக விதித்தன. நன்று. ஆனால் நூறு படங்களைப் பொறி பிரித்து வைக்க, களைத்த மருத்துவர் ஒருவர் அவற்றின்மேல் கையொப்பம் மட்டும் இட்டால், விதி காக்கப்பட்டதாகுமா?

நோயாளியின் மறைபொருள்

மருத்துவரிடம் சொன்னது அவரோடு நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் மனிதன் தன் நோயைத் திறந்து காட்டுகிறான். பின்லாந்தில் வஸ்தாமோ என்னும் உளநல நிறுவனத்தின் பதிவேடுகள் திருடப்பட்டன. 2020 இல் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குத் தனித்தனியே மிரட்டல் வந்தது: பணம் தா, இன்றேல் நீ மருத்துவரிடம் அழுது சொன்னதை உலகம் படிக்கும் என்று. 2022 நவம்பரில் நம் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டு, பல நாட்கள் எல்லாப் பணிகளும் தாளிலும் பேனாவிலும் நடந்தன. 2023 இல் இணையவழி உளநல ஆலோசனை வழங்கும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், தன்னிடம் வந்தோரின் விவரங்களை விளம்பரத்துக்காக முகநூல் முதலிய நிறுவனங்களோடு பகிர்ந்தது என்ற குற்றச்சாட்டில் 78 இலட்சம் டாலர் செலுத்த இசைந்தது. நம் நாட்டிலும் 2023 இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியுள்ளது. சட்டம் வேண்டும். ஆயினும் கையெழுத்திடவே தடுமாறும் முதியவர், சிறிய எழுத்தில் அடுக்கிய விதிகளுக்குக் கைப்பேசியில் 'சம்மதம்' என்று தொடுவதை மெய்யான சம்மதம் என்று எந்த மனச்சான்று ஏற்கும்?

மறுப்புரைகளும் மறுமொழியும்

'இல்லாத மருத்துவரைவிடத் திரை மருத்துவர் மேல் அல்லவா?' என்று கேட்பார்கள். ஒரு நாளைக்கு, ஓர் ஆபத்துக்கு, ஆம். பத்தாண்டுத் திட்டமாக, இல்லை. வெள்ளத்தில் படகு நல்லது. அதற்காகப் பாலம் கட்டுவதை நிறுத்திவிடுவார் உண்டோ?

'இதயத்துடிப்புமானி வந்தபோதும் பழைமைவாதிகள் முணுமுணுத்தார்கள்' என்றும் சொல்வார்கள். 1816 இல் பிரெஞ்சு மருத்துவர் லெனெக், தாளைச் சுருட்டிக் குழலாக்கி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்து பிறந்தது அக்கருவி. ஆனால் அந்தக் குழலின் ஒரு முனை மருத்துவரின் காதில், மறுமுனை நோயாளியின் மார்பில். அவரை அது அறையைவிட்டு வெளியேற்றவில்லை. முன்னிலும் நெருங்கி அமரச் செய்தது. நோயாளியை நெருங்கச் செய்யும் கருவி எதையும் நாம் இருகரம் நீட்டி வரவேற்போம்.

'தனியார் நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும்' என்போருக்கு ஒரு செய்தி. பல நூறு கோடி டாலர் மதிப்புடையது என்று 2021 இல் பங்குச் சந்தையில் போற்றப்பட்ட பிரித்தானியத் தொலைமருத்துவ நிறுவனமான பாபிலோன், 2023 இல் நொடித்துப் போயிற்று. அதன் ருவாண்டா நாட்டுச் சேவையும் நின்றது. ஊர் மருத்துவர் மாறிப்போனால் அடுத்தவர் வருவார். நிறுவனம் மூடப்பட்டால், அதை நம்பிய நோயாளி எந்தக் கதவைத் தட்டுவார்?

நாம் கேட்பவை

நாம் கேட்பவை சிலவே. தொலைமருத்துவ நிலையம் ஒவ்வொன்றிலும் பயிற்சியும் முறையான ஊதியமும் பெற்ற பணியாளர் ஒருவர் நோயாளியின் அருகில் இருக்கவேண்டும். நேரில் காணவேண்டும் என்று திரையில் சொல்லும் வல்லுநர், எங்கே, எந்த நாளில் என்பதையும் அப்பொழுதே உறுதி செய்து தரவேண்டும். நோயைக் கண்டுபிடிக்கும் கருவியை நிறுவும் முன், கண்டுபிடித்த நோயைத் தீர்க்கும் வழி உண்டா என்று பார்க்கவேண்டும்; தீர்வில்லாத கண்டுபிடிப்பு அச்சத்தை மட்டுமே விதைக்கும். சொன்ன ஆலோசனை தமிழில், தாளில், நோயாளியின் கையில் தரப்படவேண்டும். பொறி தவறினால் பொறுப்பேற்பவர் யார் என்பது முன்கூட்டியே எழுதப்படவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, திரை நிறுவப்பட்டதைக் காரணம் காட்டி எந்த மருத்துவர் பணியிடமும் நீக்கப்படவோ நிரப்பாமல் விடப்படவோ கூடாது.

அரசை மட்டும் குறைகூறி நாம் தப்பிக்க முடியாது. நம்மில் படித்தவர்கள், அயல்நாட்டில் மருத்துவராக இருக்கும் உறவினருக்கு ஸ்கேன் படத்தைக் கைப்பேசியில் அனுப்பி, நள்ளிரவிலும் விளக்கம் பெறுகிறோம். நம் தெருவில் வீட்டுவேலை செய்யும் அம்மாவுக்கு அத்தகைய உறவினர் இல்லை. அவருடைய மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வதும், அவரோடு மருத்துவமனைக்குச் செல்வதும், 'இந்த அம்மாவை நேரில் பார்க்கவேண்டும் டாக்டர்' என்று அவருக்காக வாதாடுவதும் நம்மால் ஆகக்கூடியவை. படித்த இளைஞர் சிலர் ஒவ்வொரு ஊரிலும் இதற்கென வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கினால், வள்ளுவர் சொன்ன நான்காமவரின் இடம் ஓரளவேனும் நிரம்பும்.

ஊராட்சிக் கூட்டம் அடுத்த முறை கூடும்போது, நம் சமுதாய நல மையத்தில் எத்தனை வல்லுநர் பணியிடங்கள் உள்ளன, அவற்றுள் எத்தனை நிரம்பியுள்ளன என்று எழுந்து கேளுங்கள். திரையைக் காட்டி விடை சொன்னால் உட்கார்ந்துவிடாதீர்கள்.